ஐந்தாவது லாச்சி

ஓய்வுபெற்ற பத்திரிகையாளன் ஒருவனின் வீட்டில் வேறு எது இல்லாவிட்டாலும் கடதாசிக்குக் குறைவிராது. பத்திரிகை நறுக்குகள், குறிப்புப் புத்தகங்கள், விளிம்பு மங்கிய நிழற்படங்கள், இனி எவருக்கும் உதவாத அழைப்பிதழ்கள், பேட்டிகள் பதிந்த ஒலிநாடாக்கள்... என் வீட்டிலும் இவை எல்லாம் இருந்தன. வெள்ளவத்தையில் நாங்கள் வாழும் சிறிய மாடிவீட்டில் இவை பிடித்திருந்த இடத்தைப் பார்த்து மனைவி பெருமூச்சு விடுவதும், நான் பேச்சை மாற்றுவதும் வழமையாகிப் போயின. 2013ஆம் ஆண்டு வேலையை விட்டு விலகியதும் ஒரு ஸ்கானரை வாங்கி, அவற்றை ஒவ்வொன்றாகக் கணினிக்குள் ஏற்றத் தொடங்கினேன். ஆறு வருடங்கள் பிடித்தன.

அவ்வளவையும் சேமித்து வைப்பதற்காக வீட்டு மூலையில் ஒரு வழங்கியை அமைத்தோம். வழங்கி என்றதும் பெரிய இயந்திரம் ஒன்றை எண்ணிவிட வேண்டாம். பழைய கோபுர வடிவக் கணினி ஒன்று, அதனுள் நான்கு வன்தட்டுகள், லினக்ஸ் இயங்குதளம். நான்கையும் 'ரெய்ட் 5' என்னும் முறையில் ஒன்றாகக் கட்டித் தந்தவன் என் அக்காவின் மகன். கணினித்துறையில் வேலை பார்ப்பவன். "நாலிலை ஒண்டு பழுதாப்போனாலும் பயமில்லை மாமா, மற்ற மூண்டும் தாங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வார்த்தையின் தைரியத்தில் நான் பல வருடங்கள் நிம்மதியாக உறங்கினேன்.

நான்கில் ஒன்று ஒருநாள் பழுதாகத்தான் செய்தது. அன்று நடந்ததைச் சொல்லாமல் நான் ஏன் லாச்சிகள் தேடி அலைந்தேன் என்பது விளங்காது.

வழங்கி அனுப்பிய எச்சரிக்கையில் மூன்றாவது வன்தட்டு பழுது என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. மருமகன் அன்று ஊரில் இல்லை. இது என்ன பெரிய வித்தை என்று நினைத்துக்கொண்டு, கணினியை நிறுத்தி, பக்கத் தகட்டைக் கழற்றி, மேலிருந்து எண்ணி மூன்றாவது வன்தட்டைக் கழற்றினேன். ஒரு வன்தட்டுக்கு நான்கு திருகாணிகள். அவற்றுள் இரண்டு, தாய்ப்பலகையின் பக்கத்திலிருந்துதான் எட்டும். எழுபதை எட்டிய கைகளுக்கு அது இலேசான வேலை அல்ல. ஒரு திருகாணி உள்ளே விழுந்து, அதைத் தேடி எடுக்கவே அரை மணித்தியாலம் போனது. புதிய வன்தட்டைப் பூட்டி ஆளியைப் போட்டேன். கணினி எழுந்தது. என் கோப்புகள் எழவில்லை.

மூன்றாவது என்று மென்பொருள் சொன்னது வேறு, மேலிருந்து மூன்றாவது என்று என் கண் எண்ணியது வேறு என்பதை நான் அறிந்திருக்கவில்லை. கணினி தன் வன்தட்டுகளுக்குப் பெயரிடுவது அவை அடுக்கப்பட்ட ஒழுங்கில் அல்ல. அவை கண்டுபிடிக்கப்பட்ட ஒழுங்கில். வயர் தாய்ப்பலகையின் எந்த வாயிலில் செருகப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தும், வேறு காரணங்களாலும் அது மாறும். நான் கழற்றியது நல்ல வன்தட்டு. பழுதானது உள்ளேயே இருந்தது. நான்கில் இரண்டு இல்லாமற் போனால் ரெய்ட் 5 எழும்பாது.

இரவு பதினொரு மணியளவில் மருமகன் வந்து சேர்ந்தான். வந்தவன் முதலிற் சொன்னது: "இனி ஒண்டையும் தொடாதேங்கோ மாமா." ஒவ்வொரு வன்தட்டின் மீதும் அச்சிடப்பட்டிருக்கும் தொடரிலக்கத்தை டோர்ச் வெளிச்சத்தில் வாசித்து, கணினி சொல்லும் இலக்கத்தோடு ஒப்பிட்டான். "நீங்கள் கழட்டினது நல்லதையெல்லோ!" என்றான். வன்தட்டுத் தொகுதி எழும்ப மறுத்ததே எங்களைக் காப்பாற்றியது. எழும்பாததால் அதில் எதுவும் புதிதாக எழுதப்படவில்லை. நல்ல வன்தட்டை மீண்டும் பூட்டியதும் மூன்றுடன் எழுந்தது. விடியும்வரை புதிய வன்தட்டுக்குத் தரவுகள் மீள எழுதப்படுவதைப் பார்த்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

ஏன் அவ்வளவு பதற்றம் என்று கேட்கலாம். நறுக்குகளிற் பெரும்பாலானவை வேறெங்காவது கிடைக்கும். கிடைக்காதது ஒன்று அதில் இருந்தது. ஈய எழுத்துகளைக் கையாற் கோத்த காலத்து அச்சுக்கோப்பாளர் ஒருவர் தம் வாழ்க்கையைப் பதினான்கு ஒலிநாடாக்களில் எனக்குச் சொல்லியிருந்தார். ஆசிரியபீடத்திலிருந்த எங்களுக்கு எழுத்துப்பிழை சொல்லித் தந்தவர் அவர். கட்டுரையைத் தலைகீழாகவே வாசிக்கக்கூடியவர். அவர் இப்போது இல்லை. நாடாக்களில் பூஞ்சணம் பிடித்திருந்ததால், கணினிக்கு மாற்றிய கையோடு அவற்றை எறிந்துவிட்டேன். அவருடைய குரல் அந்த நான்கு வன்தட்டுகளில் மட்டுமே இருந்தது. ரெய்ட் இருக்கிறதே என்ற துணிவில் வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. அந்த ஐந்து மணித்தியாலமும் அந்த மனிதரை இரண்டாம் முறை சாகக் கொடுத்துவிட்டேன் என்ற எண்ணத்தோடு நாற்காலியில் இருந்தேன்.

இதன் பிறகே வன்தட்டுகளை முன்பக்கத்திலிருந்து லாச்சிபோல் இழுத்து எடுக்கும் அமைப்பைத் தேடத் தொடங்கினேன். இயங்கிக்கொண்டிருக்கும்போதே கழற்றி மாற்றும் இந்த வசதியை 'ஹொட் ஸ்வொப்' என்பார்கள். இது எனக்குப் புதிதல்ல. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கொழும்பில் நான் பணியாற்றிய அலுவலகத்தில், ஓர் இரவு பத்தரை மணிக்கு வழங்கியின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. முதற் பக்கம் முடியவில்லை. அச்சகத்தில் ஆட்கள் காத்திருந்தார்கள். தொழில்நுட்பவியலாளர் ஓர் இளைஞர், ஓசைப்படாமல் வந்து, ஒரு கைபிடியை இழுத்து வன்தட்டை வெளியே எடுத்தார், வேறொன்றைச் செருகினார், போய்விட்டார். பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்தவர்கள் எவரும் தலை நிமிரவில்லை. அந்தக் காலத்தில் அது 'ஸ்கஸி' வகை வன்தட்டு. மின்னும் தரவும் சேர்ந்த 80 முனைப் பொருத்தி அதற்கு இருந்தது. வீடுகளிலிருந்த ஐ.டி.இ. வன்தட்டுகளில் இந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. அகன்ற நாடா வயரை இயங்கும்போது உருவினால் வன்தட்டோ தாய்ப்பலகையோ பழுதாகும்.

2003ஆம் ஆண்டளவில் 'சாட்டா' வன்தட்டுகள் சந்தைக்கு வந்தபோது நிலைமை மாறியது. சாட்டா வன்தட்டு ஒன்றின் பின்புறத்தைக் கூர்ந்து பார்த்தால் இரண்டு பொருத்திகள் தெரியும். தரவுக்கு 7 முனைகள், மின்னுக்கு 15 முனைகள். எல்லா முனைகளும் ஒரே நீளம் அல்ல. புவித்தொடுப்பு முனைகள் சற்று நீண்டிருக்கும். செருகும்போது அவை முதலில் தொடும். உருவும்போது கடைசியில் விலகும். மின் முனைகளிலும் சில முன்கூட்டியே தொட்டு, வன்தட்டின் மின்சுற்றை மெதுவாக நிரப்பும். மின்னோட்டம் ஒரேயடியாகப் பாய்ந்து அயலிலுள்ள வன்தட்டுகளைத் தடுமாற வைக்காமல் இருப்பதற்கே இந்த ஏற்பாடு. இயங்கும்போதே கழற்ற முடியும் என்பதன் இரகசியம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான இந்த நீள வேறுபாட்டில் இருக்கிறது.

வன்தட்டு இடங்கொடுத்தால் மட்டும் போதாது. வன்தட்டு சென்று பொருந்தும் பின்பலகை, அதை ஆளும் கட்டுப்பாட்டுச் சில்லு, இயங்குதளம் ஆகிய மூன்றும் சம்மதிக்க வேண்டும். தாய்ப்பலகையின் பயோஸில் சாட்டா வாயில்கள் 'ஏ.எச்.சி.ஐ.' முறையில் இருக்க வேண்டும், பழைய ஐ.டி.இ. முறையில் இருந்தால் செருகிய வன்தட்டு கண்ணிற் படாது. சில பலகைகளில் ஒவ்வொரு வாயிலுக்கும் இந்த வசதியைத் தனித்தனியாக இயக்கிவிட வேண்டும். லாச்சி இருந்தாலே ஹொட் ஸ்வொப் என்று நம்புவதும் தவறு. வீட்டு வழங்கியாகப் பலரும் விரும்பி வாங்கிய எச்.பி. மைக்ரோசேர்வர் எட்டாம் தலைமுறையில் நான்கு அழகான லாச்சிகள் உண்டு. ஆனால் நிறுத்திவிட்டே கழற்றவேண்டும் என்றே அதன் விபரக்குறிப்பு சொல்கிறது. வாங்குமுன் அந்தக் குறிப்பை ஒரு முறை வாசிப்பது நல்லது. பத்திரிகைக்காரனுக்கே உரிய புத்திமதி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தேடத் தொடங்கியபோது என் முன் மூன்று வழிகள் இருந்தன. சினோலொஜி, கியூநாப் போன்றவை செய்யும் ஆயத்தப் பெட்டியை வாங்குவது முதலாவது. தொல்லை குறைந்த வழி அதுவே. கணினியோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்களுக்கு அதையே சொல்வேன். யு.எஸ்.பி. மூலம் வெளியிலிருந்து இணைக்கும் பெட்டி இரண்டாவது. அவ்வப்போது பிரதி எடுக்க அது போதும். ஆனால் இரவும் பகலும் இயங்கும் தொகுதியை அதன்மீது கட்ட மருமகன் சம்மதிக்கவில்லை. இருக்கும் கணினியின் முகப்பிலேயே லாச்சிக்கூடு ஒன்றைப் பொருத்துவது மூன்றாவது. பழைய கோபுரக் கணினிகளில் சீடீ, டிவிடீ செலுத்திகளுக்கான அகன்ற இடங்கள் மூன்று நான்கு இருக்கும். அவற்றில் மூன்றை எடுத்துக்கொண்டு, அங்கே ஐந்து வன்தட்டுகளை நூல்கள்போல் நிமிர்த்தி வைக்கும் கூடுகள் உண்டு. சுப்பர்மைக்ரோ, ஐசி டொக் முதலிய நிறுவனங்கள் செய்கின்றன. இன்று விற்பனையாகும் கணினிப் பெட்டிகளிற் பெரும்பாலானவற்றில் அந்த அகன்ற இடங்கள் இல்லை. எங்களிடம் பழைய பெட்டி இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

பம்பலப்பிட்டிக் கணினிக் கடைகளில் நான்கைந்து படியேறி இறங்கியும் விரும்பிய கூடு கிடைக்கவில்லை. இறுதியில் இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த நண்பரின் மகள் பயணப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். அது வந்து சேர்வதற்கு முன்பும் பின்பும் நான் கற்றுக்கொண்டவற்றை, இதே தேடலில் இருப்பவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

கூடுகள் இரண்டு விதம். வன்தட்டை ஒரு தட்டத்தில் பூட்டிப் பின்பு செருகுவது ஒன்று. கதவைத் திறந்து வன்தட்டை அப்படியே தள்ளுவது மற்றது. பின்னது வசதி, ஸ்குரூ டிரைவரே வேண்டாம். ஆனால் நான் தட்டம் உள்ளதையே தெரிந்தேன். தட்டத்தின் முகப்பில் பெயர் ஒட்ட இடம் இருக்கிறது. வன்தட்டின் பொருத்தி நேராகச் சென்று பொருந்த அதன் ஓரங்கள் வழிகாட்டுகின்றன. ஒரு முறை நிதானமாக மேசையில் வைத்து நான்கு திருகாணி பூட்டிவிட்டால் பிறகு கவலை இல்லை. இங்கும் ஒரு கவனம் வேண்டும். கொள்ளளவு கூடிய புதிய வன்தட்டுகள் சிலவற்றில் நடுத் துளைகள் முன்பிருந்த இடத்தில் இல்லை. தட்டத்தின் துளைகள் அவற்றோடு பொருந்துமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின் இணைப்பும் முக்கியம். புதிய வன்தட்டுகள் சிலவற்றில் மின் பொருத்தியின் மூன்றாம் முனைக்கு வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள்: அந்த முனையில் 3.3 வோல்ற்று வந்தால் வன்தட்டு சுழலாமல் நின்றுவிடும். பழைய அமைப்புகள் சில அந்த மின்னழுத்தத்தை வழமைபோல் கொடுத்துக்கொண்டிருக்கும். புத்தம்புதிய வன்தட்டு பிணம்போல் கிடக்கும். வாங்கியவர் கடைக்காரரோடு சண்டைக்குப் போவார். நான்கு முனை 'மொலெக்ஸ்' வயரால் மின் பெறும் கூடுகளில் இந்தத் தொல்லை இல்லை. அந்த வயரில் 5 வோல்ற்றும் 12 வோல்ற்றும் மட்டுமே வருகின்றன. எங்கள் கூடு அந்த வகை.

அடுத்தது வெப்பம். ஒரு வன்தட்டின் தடிப்பு ஏறத்தாழ 26 மில்லிமீற்றர். ஐந்தை அந்த அகலத்துக்குள் நிறுத்தினால் இடையில் காற்றுப்போக மூன்று மில்லிமீற்றர் அளவே மிஞ்சும். ஆகவே பின்னால் ஒரு மின்விசிறி வேண்டும். அது கடையில் வாங்கக்கூடிய வழமையான அளவுள்ளதாக இருக்க வேண்டும். அந்த நிறுவனம் மட்டுமே செய்யும் விசிறியானால், அது பழுதாகும் நாளில் கூடும் பழுதுதான். நான்கு வன்தட்டு மட்டும் கொள்ளும் கூட்டில் காற்றோட்டம் இன்னும் நன்றாக இருக்கும். வெப்பத்தைப் பற்றி மிதமிஞ்சிய பயமும் வேண்டாம். கூகுள் பொறியியலாளர்கள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட அறிக்கை, வெப்பத்துக்கும் பழுதுக்கும் உள்ள தொடர்பு பொதுவாக நினைப்பதைவிடக் குறைவு என்றது. அதே ஆய்வில் என்னை உறுத்தியது வேறொன்று: பழுதான வன்தட்டுகளிற் பாதிக்கு மேற்பட்டவை, முக்கியமான நான்கு முன்னெச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலேயே பழுதாகியிருந்தன. சொல்லிக்கொண்டு போவதென்பது வன்தட்டுகளுக்கும் எப்போதும் வாய்ப்பதில்லை.

பொருத்தும் நாளில் ஒரு சில்லறைத் தடங்கல். கணினிப் பெட்டியின் அகன்ற இடங்களுக்கிடையே சிறிய தகட்டு நாக்குகள் நீட்டிக்கொண்டிருந்தன. மூன்று இடங்களையும் ஒன்றாகப் பிடிக்கும் கூடு அவற்றைத் தாண்டி உள்ளே போகவில்லை. குறட்டால் அவற்றை மடக்கிவிட்ட பிறகுதான் போனது. மனைவி வந்து பார்த்துவிட்டு, "பாட்டுப் பெட்டியையும் உப்பிடித்தான் திருத்தப்போறன் எண்டு கெடுத்தனீங்கள்" என்று நினைவூட்டிவிட்டுப் போனார்.

எல்லாவற்றிலும் பயனுள்ள பொருள் மிகவும் மலிவானதாக அமைந்தது: ஒட்டுத்தாள். ஒவ்வொரு தட்டத்தின் முகப்பிலும் அதனுள்ளிருக்கும் வன்தட்டின் தொடரிலக்கத்தின் கடைசி நான்கு எழுத்துகளை எழுதி ஒட்டினேன். அதே பட்டியல் கணினியிலும், அலுமாரிக் கதவின் உட்புறத்திலும் இருக்கிறது. இனி மேலிருந்து எண்ணும் வேலை இல்லை. சந்தேகம் வந்தால் ஒரு வன்தட்டை மட்டும் தொடர்ந்து வாசிக்கும்படி கட்டளையிட்டால், அதற்குரிய லாச்சியின் விளக்கு விடாமல் மினுங்கும். இவ்வளவுக்குப் பிறகும் தவறான லாச்சியை இழுப்பவன் தூக்கத்தில் இருப்பவனாகத்தான் இருக்க வேண்டும்.

கழற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. ஹொட் ஸ்வொப் என்பதால் நினைத்தவுடன் உருவலாம் என்று பொருளல்ல. முதலில் மென்பொருளிடம் சொல்லி அந்த வன்தட்டைத் தொகுதியிலிருந்து விலக்க வேண்டும். பின்பு அதன் சுழற்சியை நிறுத்தும்படி கட்டளையிட வேண்டும். நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தகடுகள் கட்டளை கேட்டவுடன் நின்றுவிடா. லாச்சியைச் சிறிது வெளியே இழுத்து, பொருத்தி விலகியதும் அரை நிமிடம் அப்படியே விட்டு, கைக்கு அதிர்வு தெரியாதபோது முழுவதும் எடுக்க வேண்டும். மருமகன் இதை எனக்குக் கற்பிக்கும்போது, "பொறுங்கோ மாமா, பொறுங்கோ" என்று பத்துத் தரமாவது சொல்லியிருப்பான்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு கேள்வி என்னை விடவில்லை. இயங்கும்போதே மாற்றும் வசதி உண்மையில் எனக்குத் தேவைதானா? பத்திரிகை அலுவலகத்தில் அந்த இரவு பத்து நிமிடம் வழங்கியை நிறுத்தியிருந்தால் மறுநாட் காலைப் பஸ்ஸுக்குப் பத்திரிகை போயிராது. என் வீட்டு வழங்கி ஒரு நாள் முழுவதும் நின்றாலும் உலகில் எவரும் அறியமாட்டார். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. யு.பி.எஸ். தாங்குவது கால் மணித்தியாலம். அந்த நாள்களில் வழங்கியை நிறுத்தியே வைத்திருந்தோம். ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது சூட்டோடு மாற்றுவதல்ல, சுலபமாகக் கழற்றுவது என்பது மெல்லத்தான் விளங்கியது. சரியானதைக் கழற்றுவது, மற்றவற்றின் வயரை அசைக்காமல் கழற்றுவது, கழற்றியதை வீட்டுக்கு வெளியே கொண்டுபோவது. கடைசியாகச் சொன்னதே முதலாவதாக இருந்திருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் 1981 மே 31ஆம் திகதி தொடங்கிய அந்த நாள்களில் நான் இளம் செய்தியாளன். பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் எரிந்தது. ஒரு பிரதி மட்டும் இருந்த நூல் அன்று இல்லாமற்போனது. வேறொரு வீட்டிலோ வேறொரு நாட்டிலோ இன்னொரு பிரதி இருந்த நூல் மீண்டும் அச்சேறியது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாண மக்கள் ஊரை விட்டுப் புறப்பட்டபோது, என் கையில் ஒரு பயணப் பையளவு நறுக்குகள் இருந்தன. மீதியை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, திறப்பைக் கவனமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பல வருடங்களின் பின் போய்த் திறந்தபோது கறையான் விட்டுவைத்தது கைப்பிடியளவு மண். திறப்பு மட்டும் பத்திரமாக இருந்தது.

இவ்வளவையும் கண்ட பிறகும், நான்கு வன்தட்டுகளை ஒரே பெட்டிக்குள் வைத்துப் பாதுகாப்பு என்று எண்ணியிருந்தேனே! ரெய்ட் என்னும் முறையை 1988இல் அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் பற்றர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் ஒரு கட்டுரையில் முன்வைத்தார்கள். ஒரு வன்தட்டு பழுதானாலும் வேலை நில்லாதிருக்க அது உதவும். தீக்கும், வெள்ளத்துக்கும், கள்வனுக்கும், தவறுதலாக அழித்துவிடும் என் விரலுக்கும் அது மருந்தல்ல. அழித்தால் நான்கிலும் ஒருசேர அழியும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்று கணினிக்காரர்கள் சொல்லும் விதி ஒன்று உண்டு. அதைக் கேட்டபோது, இதை எங்கள் ஊர்க்காரர் எவரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லையே என்று தோன்றியது.

இப்போது கூட்டின் ஐந்து லாச்சிகளில் நான்கில் இருப்பவை வீட்டைவிட்டு வெளியேறுவதில்லை. அவற்றை இரண்டு இரட்டைகளாக, ஒன்றின் பிம்பமாக மற்றொன்று இருக்கும்படி அமைத்துவிட்டோம். ரெய்ட் 5இலும் இடம் குறைவாகக் கிடைக்கும். ஆனால் எனக்கு விளங்கும். ஐந்தாவது லாச்சி பயணத்துக்குரியது. அதற்கு இரண்டு வன்தட்டுகள் உண்டு. ஒன்று இங்கிருக்கும்போது மற்றது கண்டியில் அக்கா வீட்டு அலுமாரியில் இருக்கும். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, தாயைப் பார்க்கக் கண்டிக்குப் போகும் மருமகன் வருவான். நான் ஐந்தாவது லாச்சியை இழுத்து, வன்தட்டைத் தட்டத்தோடு எடுத்து, துவாயிற் சுற்றிக் கொடுப்பேன். திரும்பி வரும்போது மற்றதைக் கொண்டுவருவான். வயர்ப் பொருத்திகள் ஐம்பது முறை செருகி உருவுவதற்கென்றும், பின்பலகைப் பொருத்திகள் ஐந்நூறு முறைக்கென்றும் சாட்டா தரநிலை வகுத்திருக்கிறது. மாதம் ஒருமுறை மாற்றினால் அந்த லாச்சி என் காலத்துக்கு மேலும் உழைக்கும்.

ஒரு விடயத்தில் மட்டும் நீண்ட நேரம் யோசித்தோம். அந்த வன்தட்டு பஸ்ஸில் தவறிவிட்டால்? பெயர் சொல்லவேண்டாம் என்று என்னை நம்பிப் பேசியவர்களின் குரல்களும் குறிப்புகளும் அதில் உண்டு. அவர்களிற் சிலர் இன்றும் இந்த நாட்டில் வாழ்கிறார்கள். ஆகவே பயணம் செய்யும் இரண்டு வன்தட்டுகளையும் கடவுச்சொல் இன்றித் திறக்கமுடியாதபடி மறைகுறியாக்கம் செய்திருக்கிறோம். கடவுச்சொல்லை எழுதி ஓர் உறையிலிட்டு ஒட்டி, அக்காவிடம் வேறாகக் கொடுத்திருக்கிறேன். இல்லாவிட்டால் நான் போகும் நாளில் எல்லாம் என்னோடு போய்விடும். பிறர் இரகசியத்தைக் காப்பதற்கும் பிறருக்கென்று விட்டுச்செல்வதற்கும் இடையில் எங்கே கோடு கிழிப்பது என்பது எனக்கு இன்னும் முழுதாகத் தெளிவாகவில்லை. எவை திறக்கப்படலாம், எவை என்னோடு அழிக்கப்பட வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். வன்தட்டு வாங்குவதிலும் பார்க்க அது கடினமாக இருக்கிறது.

அச்சுக்கோப்பாளரின் பதினான்கு ஒலிநாடாக்களுக்கு மறைப்பு எதுவும் தேவையில்லை. அவற்றின் பிரதி ஒன்று பிரான்சில் வாழும் அவருடைய மகளிடமும் இப்போது இருக்கிறது. அதைத்தான் முதலில் செய்தேன். தந்தையின் குரலைக் கேட்டுவிட்டு அவர் தொலைபேசியில் அதிகம் பேசவில்லை. "அப்பா இருமுறதும் இதிலை இருக்குது" என்று மட்டும் சொன்னார்.

புலம்பெயர்ந்த நாடுகளில் இருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீடுகளிலும் பழைய ஒலிநாடாக்கள், கடிதங்கள், ஊர் மலர்கள் இருக்கும். அவற்றைக் கணினிக்கு மாற்றுங்கள். மாற்றியதை ஒரு பெட்டிக்குள் மட்டும் வைக்காதீர்கள். 2005ஆம் ஆண்டு முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தைப் போன்றவற்றுக்கு ஒரு பிரதி கொடுக்கக்கூடியவற்றைக் கொடுங்கள். லாச்சி, கூடு, ரெய்ட் எல்லாம் அதன் பிறகு யோசிக்கலாம்.

நாளை கடைசி வெள்ளி. ஐந்தாவது லாச்சியின் விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கிறது. பிரதி இன்னும் முடியவில்லை. மனைவி மருமகனிடம் கொடுத்தனுப்ப மிளகாய்த்தூள் வறுத்துக்கொண்டிருக்கிறார். சென்ற மாதம் இரண்டு பொதிகளும் ஒரே பையிற் போய், வன்தட்டைச் சுற்றிய துவாய் திரும்பி வந்தபோது இருவரும் தும்மினோம். இம்முறை வேறு பையில் வைக்க வேண்டும்.